சேலத்தில் புதுக்குடித்தனம்: ஏற்காடு தவிர எங்கெல்லாம் போகலாம்?

மன்னைப் பொண்ணு

எல்லோருக்கும் வணக்கம். தை மாதம் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. அவருக்கு வங்கியில் மாற்றல் வந்ததால் சேலத்துக்கு வந்து அழகாபுரம் பக்கம் வாடகைக்கு வீடு எடுத்திருக்கிறோம். எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடி, அவருக்கு நீடாமங்கலம். இங்கே சொந்தபந்தம் என்று யாரும் கிடையாது.

மாடிக்குப் போனால் எதிரே சேர்வராயன் மலை. எங்கள் ஊர்ப் பக்கம் தென்னை மரத்தைத் தாண்டி உயரமாக ஒன்று தெரிந்தால் அது கோயில் கோபுரமாகத்தான் இருக்கும். துணி காயப்போடப் போனால் மலையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் இறங்குகிறேன். மேகம் வந்து உட்காருவது, வெயில் ஏறியதும் கலைவது எல்லாமே எனக்குப் புதுசு.

ஒரு ஞாயிறு ஏற்காடு போனோம். படகுக்கு வரிசை, லேடிஸ் சீட் என்கிற மலைமுனையில் நிற்க இடமில்லை, வண்டி நிறுத்தவும் அலைச்சல். கிளியூர் அருவிக்கு அவ்வளவு படி இறங்கிப் போனால் பாறைதான் இருந்தது, தண்ணீர் இல்லை. இருந்தாலும் மலை மேல் அடித்த அந்தக் காற்றை மறக்க முடியவில்லை. திரும்பப் போக வேண்டும், ஆனால் இப்படி இல்லை.

எங்களிடம் பைக் இருக்கிறது, கார் இல்லை. அவருக்கு ஞாயிறும், இரண்டாவது நான்காவது சனியும் லீவு. எந்த இடத்துக்கு எந்த மாதம் போனால் நன்றாக இருக்கும் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லுங்கள். பகலில் நான் மட்டும் பஸ்ஸில் போய் வரக்கூடிய இடம் இருந்தாலும் சொல்லுங்கள்.

அஞ்சு ரோடு

வாடகைக் கார் எடுத்துக்கோங்க மேடம். ஒரு சனி ஞாயிறு ஏற்காட்டில் தங்கிடுங்க. அடுத்த தடவை காலையில் ஒகேனக்கல், சாயங்காலம் மேட்டூர். அப்புறம் கொல்லிமலை, நாமக்கல் ஆஞ்சநேயர். ரெண்டு மாசத்தில் இந்தப் பக்கம் எல்லாத்தையும் முடிச்சிடலாம்.

ரூம் போடும்போது ரெண்டு பேரும் ஆதார் வச்சுக்கோங்க. புதுசா கல்யாணம் ஆனவங்கன்னா சில இடத்தில் கேள்வி கேட்பாங்க.

மலைக்காடு

முடிக்கிறதுக்கு என்ன அவசரம் தம்பி? அவங்க இங்கேயே குடியிருக்கப் போறவங்க. ஒரே நாள் லீவில் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் அந்த ஓட்டம். வருஷம் முழுக்க கையில் இருக்கும்போது ஒரே இடத்துக்கு வெவ்வேறு மாதத்தில் போவதுதான் நல்லது என்பேன்.

தங்கச்சி, எங்களுக்கு நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. நீங்கள் பார்த்த ஏற்காடு ஏரியைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அண்ணா பூங்கா, மான் பூங்கா, படகுத்துறை எல்லாம் அங்கேயே இருப்பதால் கூட்டமும் அங்கேயே நிற்கிறது. அதைத் தாண்டி லூப் ரோட்டில் திரும்புங்கள். நாகலூர், செம்மடுவு, வாழவந்தி என்று ஊர் ஊராகப் போகும். இரண்டு பக்கமும் சில்வர் ஓக் நிழலில் காப்பி, மரத்தில் மிளகுக் கொடி. வழியில் டீக்கடை இருக்கும். மெதுவாக ஓட்டி, தோன்றுகிற இடத்தில் நின்று போக வேண்டிய ரோடு அது.

கிளியூர் அருவி வெயில் காலத்தில் அப்படித்தான். ஏற்காடு ஏரி நிறைந்து வழிகிற தண்ணீர்தான் அங்கே போய் விழுகிறது. நல்ல மழை பெய்து ஏரி நிறைந்த பிறகு போங்கள், 300 அடி உயரத்திலிருந்து விழும். படி வழுக்கும், செருப்பு பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது சித்திரை. கோடை மழை ஒன்று நன்றாக விழுந்தால் அடுத்த பத்து நாளுக்குள் காப்பி பூக்கும். தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் பூக்கும். கிளை நெடுக மல்லிகைச் சரத்தைச் சுற்றிவிட்ட மாதிரி வெள்ளையாக இருக்கும், வாசனையும் கிட்டத்தட்ட அதேதான். இரண்டு மூன்று நாளில் பழுப்பாகி உதிர்ந்துவிடும். விழா எதுவும் கிடையாது, பலகையும் கிடையாது. மழை பெய்த செய்தி வந்தால் நாளை எண்ணிக்கொண்டு வாருங்கள். பழம் சிவப்பது கார்த்திகை மார்கழியில். பறிப்பு நடக்கும்போது களத்தில் கொட்டைகளைப் பரப்பிக் கிளறிவிடுவதைப் பார்க்கலாம். கேட்டுவிட்டு உள்ளே வந்தால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். 1820களில் இங்கே கலெக்டராக இருந்தவர். எங்களுடையது சின்னத் தோட்டம்தான். ஆனாலும் வெள்ளைக்காரர் காலத்து எஸ்டேட் கதைகளைச் சொல்லாத வீடு இந்த மலையில் இல்லை.

ரெண்டு சக்கரம்

பைக்கில் போகிறவர்களுக்கு என்பதால் சொல்கிறேன். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது பிரச்சினை இல்லை, இறங்கும்போதுதான் கவனம். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். பிரேக் சூடாகிவிட்டால் பிடிக்காது. வளைவில் ஏறி வருகிற பஸ்ஸுக்கு முதலில் வழி விட வேண்டும், அது நின்றுவிட்டால் திரும்ப எடுப்பது கஷ்டம். பஸ் திரும்பும்போது ரோடு முழுவதையும் எடுத்துக்கொள்ளும். வளைவுக்கு முன்னாலேயே நின்று ஹாரன் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

பின்னால் உட்காருகிறவர் ஒரு பக்கமாக உட்கார வேண்டாம். சேலை, துப்பட்டா நுனியை நன்றாகச் செருகிக்கொள்ள வேண்டும். குரங்குக்குத் தின்பண்டம் நீட்ட வேண்டாம், அடுத்து வருகிற வண்டி மேல் அது பாயும்.

கூட்டம் பிடிக்காதவர்கள் குப்பனூர், கொட்டச்சேடு வழியாகவும் ஏறலாம். வண்டி குறைவு, காடு அதிகம். எனக்கு அந்த ரோடுதான் பிடிக்கும்.

மலைக்காடு

குப்பனூர் ரோடு நல்ல ரோடுதான், ஆனால் புதிதாக மலை ஓட்டுகிறவர் சாயங்காலம் அதில் இறங்க வேண்டாம். வண்டி நின்றுபோனால் உதவிக்கு ஆள் வர நேரமாகும். பகலில் ஏறுங்கள், இறங்குவது அடிவாரம் பக்கமாக இருக்கட்டும். மே மாதம் கோடை விழா சமயத்தில் மட்டும் அடிவாரம் வழியாக ஏறி குப்பனூர் வழியாக இறங்கும்படி போலீஸே மாற்றிவிடுவது உண்டு. அப்போது வேறு வழியில்லை.

அதே போல் ஐப்பசி, கார்த்திகையில் கனமழை எச்சரிக்கை இருக்கிற நாளில் மலைக்கு வரவே வேண்டாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து நாங்கள் பட்டது போதும்.

ரெண்டு சக்கரம்

சாயங்காலம் பற்றி நீங்கள் சொல்வது சரிதான் அண்ணா. நான் விடியக்காலையில் ஏறுகிறவன், அதனால் அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

செவ்வாய்ப்பேட்டை மருமகள்

மன்னைப் பொண்ணு, நானும் வேறு ஊரிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள்தான். எல்லாரும் மலையையே சொல்கிறார்கள், நான் கீழே இருக்கிற ஊரைச் சொல்கிறேன். நீங்கள் பகலில் தனியாகப் போக இடம் கேட்டீர்களே.

பஸ் ஏறி பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் சுகவனேசுவரர் கோயில் நடக்கிற தூரம், கோட்டை மாரியம்மனும் பக்கம்தான். அங்கிருந்து கடைவீதி, சின்னக்கடை வீதி. இன்னும் கொஞ்ச நாளில் மாம்பழம் குவிய ஆரம்பித்துவிடும். மல்கோவா, இமாம்பசந்த், குண்டு, பெங்களூரா என்று வரிசையாக அடுக்கியிருப்பார்கள். காம்புப் பக்கம் முகர்ந்து பார்த்து வாங்குங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்ததில் நிறம் இருக்கும், வாசனை இருக்காது.

எங்கள் பேட்டைக்கு வந்தால் வெள்ளி வேலை நடப்பதைப் பார்க்கலாம். நீங்கள் போட்டிருக்கிற கொலுசு எந்தக் கடையில் வாங்கியிருந்தாலும் இங்கே செய்ததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பெரிய தொழிற்சாலை எல்லாம் இல்லை, வீட்டுத் திண்ணையிலும் முன்அறையிலும் உட்கார்ந்து செய்கிறார்கள். ஒரு வீட்டில் கம்பி இழுப்பார்கள், இன்னொரு வீட்டில் கண்ணி கோர்த்துப் பற்றவைப்பார்கள், மெருகு போடுவது வேறொரு இடம். ஒரு ஜோடி கொலுசு கடைக்குப் போவதற்குள் பல கை மாறிவிடும். கண்ணி கோர்க்கிற பெண்களின் விரல் வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வேலை செய்கிறவர்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் பாருங்கள், சந்தோஷமாகக் காட்டுவார்கள்.

சாயங்காலம் அவர் வந்ததும் தட்டுவடை செட் சாப்பிடக் கூட்டிப் போங்கள். தள்ளுவண்டியில்தான் சாப்பிட வேண்டும். உள்ளங்கை அகலத் தட்டுவடை ஒன்றின் மேல் காரச் சட்னியும் பச்சைச் சட்னியும் தடவி, துருவின கேரட், பீட்ரூட், வெங்காயம் வைத்து இன்னொரு தட்டுவடையால் மூடித் தருவார்கள். கையில் வாங்கியதும் வாயில் போட்டுவிட வேண்டும், பேசிக்கொண்டு நின்றால் நமுத்துப்போகும். காரம் வேண்டுமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதே சட்னியில் முறுக்கு செட், நொறுக்கல் எல்லாம் உண்டு.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்கும் ஒரு நாள் போய் வாருங்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான்.

மன்னைப் பொண்ணு

அக்கா, தாரமங்கலம் போய் வந்துவிட்டேன். அவருக்கு லீவு இல்லாத நாளில் நானே தனியாகப் பஸ்ஸில் போனேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் தனியாகப் போன முதல் வெளியூர் இதுதான். கண்டக்டரிடம் சொல்லி வைத்திருந்தேன், கோயில் பக்கத்திலேயே இறக்கிவிட்டார்.

பெரிய கோயில்களுக்கு நடுவில் வளர்ந்தவள் நான், கல்வேலை எனக்குப் புதிதில்லை. ஆனாலும் அந்த முன்மண்டபத்தை விட்டு வர மனசே இல்லை. விதானத்தில் தாமரை, அதைச் சுற்றிக் கிளிகள், கல்லிலேயே தொங்குகிற சங்கிலி. யாளி வாய்க்குள் கல் உருண்டை உருளுகிறது, வெளியே எடுக்க முடியாது. வாலியும் சுக்ரீவனும் சண்டை போடுகிற தூண் பக்கம் ஒரு பெரியவர் என்னைக் கூட்டிப் போனார். ராமர் வில்லோடு நிற்கிற தூணுக்குப் பக்கத்தில் நின்றால் வாலி தெரிகிறார். வாலி இருக்கிற இடத்துக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் ராமர் மறைந்துவிடுகிறார். இரண்டு பக்கமும் மாறி மாறி நின்று பார்த்தேன். இந்தப் பக்கத்தை ஆண்ட கெட்டி முதலிகள் கட்டியது என்று அந்தப் பெரியவர்தான் சொன்னார். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரையே கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு அவரையும் கூட்டிப் போனேன். இந்தத் தடவை வழி காட்டினது நான்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். ஊரிலிருந்து போன் வந்தால் "இந்த வாரம் எங்கே சுத்துனீங்க?" என்கிறார்கள். அன்பாகக் கேட்பவர்களும் உண்டு. சிலர் "இப்பவே காசை விட்டுட்டு அப்புறம் என்ன பண்ணுவீங்க" என்கிறார்கள். பைக்குக்குப் பெட்ரோல், இரண்டு டீ, கட்டிக்கொண்டு போகிற எலுமிச்சைச் சாதம், இவ்வளவுதான் எங்கள் செலவு. இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

செவ்வாய்ப்பேட்டை மருமகள்

விளக்கம் சொல்லிப் பயனில்லை மா. அவர்களை ஒரு தடவை வரவழைத்துக் கூடவே கூட்டிப் போங்கள். என் மாமியார் பூலாம்பட்டியில் படகு ஏறி இறங்கிய பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இப்போது அவர்தான் எப்போது போகலாம் என்று கேட்கிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தெரியாத ஊரில் நாலு சுவருக்குள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தால் சின்ன விஷயமும் சண்டையாகும். வெளியே போனால் ஒரு வழியை இரண்டு பேரும் சேர்ந்து தேடுகிறீர்கள், ஒரு கடையில் என்ன வாங்கலாம் என்று சேர்ந்து முடிவெடுக்கிறீர்கள். முதல் வருஷத்தில் எங்கள் வீட்டுக்காரரை நான் புரிந்துகொண்டது அப்படித்தான். அதற்குச் செலவாகிற பெட்ரோல் வீண் இல்லை.

அஞ்சு ரோடு

பூலாம்பட்டியை நானும் சொல்லணும்னு நினைச்சேன். எடப்பாடி தாண்டிப் போகணும். காவிரியில் கதவணை கட்டி இருக்கிறதால் தண்ணீர் தேங்கி விரிஞ்சு நிற்கும். இங்கே ஏறினால் அக்கரை நெருஞ்சிப்பேட்டை, அது ஈரோடு மாவட்டம். உள்ளூர் ஜனங்க தினமும் வேலைக்கும் சந்தைக்கும் போகிற படகு, பைக்கையும் ஏத்திக்குவாங்க. பாதுகாப்பு உடை கேட்டு வாங்கிப் போட்டுக்கோங்க.

மேலே மலைக்காடு அண்ணன் சொன்னதைப் படிச்சேன். நான் சொன்ன அந்த ஒகேனக்கல்–மேட்டூர் ஒரே நாள் திட்டம் வேண்டாம், தனித்தனியாவே போங்க. மேட்டூருக்கு ஒரு நாள் முழுசா வேணும்.

மேட்டூர் காலனி

மேட்டூர் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். அப்பா பொதுப்பணித் துறையில் இருந்தார், நான் பிறந்து வளர்ந்தது அணைக்குப் பக்கத்துக் காலனி.

சகோதரி, நீங்கள் மன்னார்குடிக்காரர் என்பதால் உங்களுக்கு இது சுற்றுலா இடம் மட்டும் இல்லை. 1934இல் கட்டி முடித்த அணை. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. வழக்கமாகக் குறுவை நெல் சாகுபடிக்கு ஜூன் 12 திறப்பு. அன்றைக்கு வந்தால் அமைச்சர், அதிகாரிகள் கூட்டம், போலீஸ் கெடுபிடி, ஒன்றும் நிதானமாகப் பார்க்க முடியாது. அதற்கடுத்த ஞாயிறு வாருங்கள்.

முதலில் பவளவிழா கோபுரத்தில் ஏறி நீர்த்தேக்கத்தைப் பாருங்கள். பிறகு கீழே வந்து அணை முனியப்பனைக் கும்பிட்டுவிட்டுப் பூங்காவுக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை கிடா வெட்டிச் சமைக்கிற குடும்பங்கள் மரத்தடியில் நிறைய இருக்கும். மீன் வறுவல் கடைகளில் கண் முன்னாலேயே மீனை எடுத்துக் கொடுத்து வறுக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே வறுத்து அடுக்கியதை வாங்க வேண்டாம்.

16 கண் மதகு தனியாக இருக்கிறது. அணை நிரம்பி உபரி நீர் போகும்போதுதான் அதில் தண்ணீர் வரும். அந்தச் சமயம் கரையில் இறங்கிப் போட்டோ எடுக்கவே கூடாது, ஒவ்வொரு வருஷமும் இதைச் சொல்லி எங்களுக்கு வாய் வலிக்கிறது. நீர்மட்டம் நன்றாக இறங்குகிற வருஷத்தில் பண்ணவாடி பக்கம் வாருங்கள். அணை கட்டும்போது மூழ்கின ஊரின் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் தண்ணீருக்கு வெளியே தெரியும்.

மன்னைப் பொண்ணு

மேட்டூர் அண்ணா சொன்னபடியே திறந்ததற்கு அடுத்த ஞாயிறு போனோம். விடியக்காலையில் கிளம்பி ஓமலூர் வழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

கோபுரத்தின் மேலிருந்து ஒரு பக்கம் கடல் மாதிரி நீர், மறுபக்கம் ஆறு கிளம்பிப் போகிறது. சின்ன வயதிலிருந்து "மேட்டூர்ல எவ்வளவு அடி?" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பேப்பர் வந்ததும் தாத்தா முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான். விதை விடுவதா வேண்டாமா, நகையை மீட்பதா வைப்பதா என்பதெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான் வீட்டில் பேசுவார்கள். அந்த 120 அடியை நேரில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரும் ஒன்றும் பேசவில்லை.

கீழே வந்து பாலத்துப் பக்கம் நின்றோம். தண்ணீர் நுரைத்துக்கொண்டு வெளியே வருகிற இடத்தில் சாரல் முகத்தில் அடித்தது. அங்கிருந்தே அவர் மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, வீடியோ கால் போட்டார். போனை ஆற்றுப் பக்கம் திருப்பிக் காட்டினோம். ஊர் சுற்றுகிறோம் என்று கொஞ்சம் வருத்தமாகப் பேசிக்கொண்டிருந்தவர் அவர்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "எவ்வளவு கன அடி விடுறாங்கன்னு எழுதிப் போட்டிருப்பாங்க, பார்த்துச் சொல்லு" என்றார். அத்தையைக் கூப்பிட்டு அவருக்கும் காட்டச் சொன்னார். மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வரும், அப்புறம் வெண்ணாற்றில் திறந்து நீடாமங்கலம் பக்கம் ஆறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்புக்கு வந்ததும் நானே போன் போட்டுச் சொல்கிறேன் என்றார்.

சொன்னபடி போனும் வந்தது. தலைப்பில் தண்ணீர் பிரிந்து மன்னார்குடிக்கு வருகிற பாமணியாற்றிலும் போக ஆரம்பித்துவிட்டதாம். நாங்கள் நின்று பார்த்த தண்ணீர் எங்கள் இரண்டு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

மீன் வறுவலும் சாப்பிட்டோம் அண்ணா. மீனைக் காட்டித்தான் வறுக்கச் சொன்னோம்.

மலைக்காடு

படித்ததும் சந்தோஷமாக இருக்கிறது தங்கச்சி. வானம் தெளிந்த நாளில் லேடிஸ் சீட்டிலிருந்து பார்த்தால் மேற்கே மேட்டூர் நீர்த்தேக்கம் தெரியும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். மழை பெய்து விட்ட மறுநாள் காலையில் வந்து பாருங்கள், கிடைத்தாலும் கிடைக்கும். வார நாளில் அவருக்கு ஒரு நாள் லீவு போட முடிந்தால் ரொம்ப நல்லது. அன்றைக்கே சேர்வராயன் கோயிலுக்கும் போய்விடலாம். குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும், உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். மலைவாழ் மக்களுக்குக் குலதெய்வம், மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றியுள்ள கிராமம் எல்லாம் திரண்டு வரும். பூ, செடி பிடிக்கும் என்றால் தாவரவியல் தோட்டத்தையும் விடாதீர்கள். ஆர்க்கிட் வகைகளும் பூச்சியைப் பிடித்துத் தின்கிற குடுவைச் செடியும் இருக்கின்றன.

மன்னைப் பொண்ணு

கண்டிப்பாக அண்ணா. காப்பிப் பூ இந்த வருஷம் தப்பிவிட்டது, கார்த்திகையில் பழம் பறிக்கும்போது வருகிறோம்.

செவ்வாய்ப்பேட்டை அக்கா, மாமாவும் அத்தையும் ஆடியில் இங்கே வருகிறார்கள். பதினெட்டுக்கு அத்தை காவிரியில் முளைப்பாரி விட வேண்டும் என்கிறார், அதற்குப் பூலாம்பட்டி சரியாக இருக்குமா? சேலத்தில் குகை என்கிற பகுதியில் வண்டி வேடிக்கை என்று இங்கே எல்லாரும் பேசுகிறார்கள். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு வரலாமா?

செவ்வாய்ப்பேட்டை மருமகள்

பதினெட்டன்று பூலாம்பட்டியில் கூட்டம் இருக்கும், ஆனால் படித்துறையில் நின்று கும்பிடலாம். ஆற்றில் தண்ணீர் அதிகம் விட்டிருந்தால் இறங்க விட மாட்டார்கள், முந்தின நாளே செய்தி பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி வேடிக்கைக்குத் தாராளமாகக் கூட்டி வாருங்கள். சாமி வேஷம் போட்டு அலங்கார வண்டியில் உட்கார்ந்து வருவார்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரு புராணக் காட்சி, மாதக்கணக்கில் யோசித்துச் செய்கிறார்கள். ராத்திரி நேரமாகும், நெரிசலும் இருக்கும், பைக் வேண்டாம், ஆட்டோவில் வந்துவிடுங்கள். செவ்வாய்ப்பேட்டையிலும் வண்டி வேடிக்கை உண்டு, அதற்கு எங்கள் வீட்டு மாடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கலாம். மாமாவுக்குக் காரம் ஆகுமா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், அன்றைக்குத் தட்டுவடை வீட்டிலேயே போடுகிறேன்.